‘ஆவியானவர் எனக்குச் சொன்னார்’ என்ற பிறகு பேச்சே கிடையாதா?

கேள்வி: ஐயா, நாங்கள் பத்துப் பேர் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி வேதம் வாசித்து ஜெபிக்கிறோம். அங்கே வரும் மூத்த சகோதரர் ஒருவர், ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்ற வசனத்தைக் காட்டி, விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று என் அப்பாவிடம் கேட்டுவிட்டார். அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடவில்லை. யோபு 8:7ஐயும் வாக்குத்தத்தமாக அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர் எந்த வசனத்தை எடுத்தாலும் ‘கிரேக்க மூலத்தில் அர்த்தமே வேறு’ என்கிறார். நான் ஏதாவது கேட்டால், ‘ஆவியானவர் எனக்கு வெளிப்படுத்தினார், நீ மூளையால் வாசிக்கிறாய்’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நான் இறையியல் படித்தவள் இல்லை. ஒரு வசனத்துக்குச் சரியான அர்த்தம் எது என்று என்னைப் போன்ற ஒருத்தி எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

வசனத்தின் அர்த்தத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அப்பாவை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மூன்று வாரம் மாத்திரை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்கிறபடி மறுபடி தொடங்கட்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சத்தமில்லாமல் ஏறக்கூடியவை. ‘நான் நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று அப்பா சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதத்தின் மிச்சத்தை அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது வாசித்துக்கொள்ளலாம்.

பல வருடங்கள் சபையில் போதகராகவும், வேதாகமக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தவன் நான். வசனத்துக்கு அர்த்தம் சொல்வதை ஏதோ படித்தவர்களின் வாக்குவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் நடந்திருப்பதைப் பாருங்கள். ஒரு வசனத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டதால் ஒரு மனிதரின் உயிர் ஆபத்தில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேதத்தில் உள்ள ஒவ்வொரு வசனமும் முதலில் யாரோ சிலரிடம், அவர்களுடைய ஏதோ ஒரு சூழ்நிலையில் சொல்லப்பட்டது. அவர்கள் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு நம் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர வேண்டும். ‘முன்பு எழுதியிருக்கிறவைகளெல்லாம் நமக்குப் போதனையாக எழுதியிருக்கிறது’ என்று ரோமர் 15:4 சொல்கிறது. ‘முன்பு’ என்பதும் ‘நமக்கு’ என்பதும் அந்த ஒரே வரியில் இருக்கின்றன. உங்கள் கூட்டத்தில் ‘நமக்கு’ என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

ஏசாயா 53:5ஐயே எடுத்துக்கொள்வோம். ‘நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்’ என்று அந்த வசனம் தொடங்குகிறது. கடைசி மூன்று வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்தால் அதில் மீறுதலும் இல்லை, அக்கிரமமும் இல்லை. அடுத்த வசனம், ‘நாமெல்லாரும் ஆடுகளைப்போல வழிதப்பித் திரிந்து’ என்று போகிறது. வழிதப்பிய ஜனங்களுக்காக ஒருவர் பாடுபடுவதைத்தான் தீர்க்கதரிசி பாடுகிறார். இந்தப் பாட்டு உண்மையில் 53ஆம் அதிகாரத்தில் தொடங்குவதே இல்லை, 52:13ல் தொடங்குகிறது. இன்று நம் கையில் இருக்கும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551ல் அச்சான ஒரு கிரேக்கப் பதிப்பிலிருந்து வருகின்றன. தேடிக் கண்டுபிடிக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று மனிதர்கள் போட்ட கோடுகள் அவை. ஆனால் அந்தக் கோடுகள் நம் கண்ணைப் பழக்கிவிட்டன. ஒரு எண்ணுக்குள் இருப்பது தனியாக நிற்கும் ஒரு முழுச் செய்தி என்று நினைத்துவிடுகிறோம். யாராவது ஒரு வசனத்தைக் காட்டினால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு இருபது வசனம் வாசியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அதோடு நிற்க வேண்டாம். வேதமே இந்த வசனத்தை வேறு எங்காவது எடுத்துப் பேசுகிறதா என்று பாருங்கள். 1 பேதுரு 2:24ல் பேதுரு எடுத்துப் பேசுகிறார்: ‘அவர்தாமே தமது சரீரத்திலே நம்முடைய பாவங்களைச் சிலுவையின்மேல் சுமந்தார், அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்.’ யாரிடம் பேசுகிறார் தெரியுமா? 18ஆம் வசனத்துக்குப் போங்கள். முரட்டு எஜமான்களிடம் அநியாயமாக அடி வாங்கிக்கொண்டிருந்த வேலைக்காரர்களிடம். அவர்கள் உடம்பிலேயே தழும்பு இருந்தது. அவர்களைப் பார்த்து ‘குணமானீர்கள்’ என்று சொல்லிவிட்டு, சிதறுண்ட ஆடுகளாக இருந்தவர்கள் இப்போது மேய்ப்பரிடம் திரும்பியிருக்கிறீர்கள் என்று முடிக்கிறார். அதாவது, அந்தக் குணமாதல் என்னவென்று பேதுருவே விளக்கிவிட்டார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்தேயு 8:17ல் இதற்கு முந்தின வசனமான ஏசாயா 53:4, இயேசு வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கினதோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆகவே ‘இந்தப் பகுதிக்கும் சரீர சுகத்துக்கும் சம்பந்தமே இல்லை’ என்று நான் சொன்னால் அதுவும் வேதத்தை வெட்டுகிற வேலைதான். கிறிஸ்துவின் பாடுகளால் ஒருநாள் வியாதியே இல்லாத ஒரு உலகம் வரும், வெளிப்படுத்தல் 21:4 அதைத்தான் பேசுகிறது. இன்றும் தேவன் சுகம் தருகிறார், அதற்காக ஜெபிக்கும்படி யாக்கோபு 5:14 சொல்கிறது. இதையெல்லாம் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் ‘விசுவாசிக்கு வியாதி இருக்காது, மருந்து எடுத்தால் அவிசுவாசம்’ என்பது இதிலிருந்து வருமா? அப்போஸ்தலர்களின் வாழ்க்கையையே பாருங்கள். பவுல் தன் உடன் ஊழியரான துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவருகிறார். இன்னொரு உடன் ஊழியரான எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைவரை போய்ப் பிழைக்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் என்ன எழுதுகிறார்? ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்றா? கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று எழுதுகிறார். பவுல் தன் சரீரத்தில் ஒரு ‘முள்’ என்று சொன்ன வேதனையோ மூன்று தரம் வேண்டிக்கொண்டும் எடுக்கப்படவில்லை. அவரோடு கடைசிவரை கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஏசாயா புத்தகத்திலேயே இருக்கிறது. 38ஆம் அதிகாரத்தில் எசேக்கியா ராஜா மரண வியாதியில் கிடக்கிறார். அழுது ஜெபிக்கிறார். தேவன் கேட்டுப் பதினைந்து வருடம் கூட்டித் தருகிறார். வாக்குத்தத்தம் நேரடியாகத் தேவன் வாயிலிருந்து வந்தாயிற்று. அதற்குப் பிறகும் 21ஆம் வசனத்தில், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவை என்ற கட்டியின்மேல் பற்றுப்போடச் சொல்லுகிறார் ஏசாயா. தழும்புகளால் குணமாகிறோம் என்று பாடின அதே தீர்க்கதரிசிதான். அந்த நாளில் பிளவைக்குத் தெரிந்த மருந்து அது. ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் இருக்கின்றன.

சரி, யோபு 8:7. ‘உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.’ இதைச் சுவரில் மாட்டியிருக்கிற வீடுகள் எத்தனையோ. மாட்டியிருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் நம்பிக்கையோடுதான் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதைச் சொல்வது யார்? தேவன் அல்ல, யோபுவும் அல்ல. பில்தாத் என்ற நண்பன். எப்போது சொல்கிறான்? யோபு தன் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும்போது. அதே பேச்சில், நாலாம் வசனத்தில், செத்துப்போன பிள்ளைகளின் பாவத்தை இழுக்கிறான். ஆறாம் வசனத்தில், ‘நீர் சுத்தமும் செம்மையுமாய் இருந்தேயானால்’ என்று ஒரு நிபந்தனை வைக்கிறான். அதற்குப் பிறகு வருவதுதான் உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த வசனம். அதன் அடியில் ஓடுகிற எண்ணம் இதுதான்: உனக்கு இப்படி நடக்கிறதென்றால் நீ சுத்தமாயில்லை.

ஆனால் முதல் அதிகாரத்திலேயே தேவன் யோபுவை உத்தமன் என்று சொல்லிவிட்டார். அது நமக்குத் தெரியும், பில்தாதுக்குத் தெரியாது. கடைசியில், 42:7ல், தேவன் எலிப்பாசிடம் சொல்கிறார்: உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவன் இந்தப் பில்தாத். வியாதியில் இருக்கும் மனிதரிடம் போய், தேவன் கோபப்பட்ட ஒரு பேச்சிலிருந்து ஒரு வரியை எடுத்து வாக்குத்தத்தமாகக் கொடுக்கிறோம். இதை எழுதும்போதே எனக்கு வேதனையாக இருக்கிறது. ஏனென்றால் அந்தச் சகோதரர் அப்பாவிடம் செய்ததும் பில்தாத் செய்தது போலத்தான்: சுகம் வரவில்லையா, அப்படியானால் குறை உன் விசுவாசத்தில்.

இங்கேயும் அவசரப்பட்டு மறுபக்கம் சாய்ந்துவிடக் கூடாது. நண்பர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று வேதம் சொல்லவில்லை. எலிப்பாஸ் சொன்ன ஒரு வரியைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19ல் எடுத்துக்காட்டுகிறார். யோபுவின் பின்னிலைமையும் உண்மையிலேயே ஆசீர்வாதமாக முடிந்தது. ஆனால் அது பில்தாத் சொன்ன காரணத்தினால் அல்ல. வேதத்தில் எழுதியிருக்கிறது என்பதும், தேவன் அதை ஆமோதிக்கிறார் என்பதும் எப்போதும் ஒன்றாகிவிடாது. பார்வோன் பேசுகிறான், பிலாத்து பேசுகிறான், சாத்தானும் பேசுகிறான். அவர்கள் பேசினதை வேதம் உண்மையாகப் பதிவு செய்திருக்கிறது. சம்பவங்களும் அப்படித்தான். வீட்டிலிருந்து தனக்கு எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக யெப்தா பொருத்தனை செய்தான் என்று நியாயாதிபதிகள் 11ல் இருப்பதால் நாமும் அப்படிப் பொருத்தனை செய்யலாம் என்று ஆகாது. ‘அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்’ என்று அந்தப் புத்தகமே வருத்தத்தோடு முடிகிறது.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பேச்சு முறை இருக்கிறது. சட்டம் பேசுவது போல் கவிதை பேசாது, கடிதம் பேசுவது போல் தரிசனம் பேசாது. இதை நான் வகுப்பறையில் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் ஒரு தாயின் கண்ணீரில்தான் கற்றுக்கொண்டேன். போதகராகி இரண்டாம் வருடம். நீதிமொழிகள் 22:6ஐ வைத்துப் பிரசங்கம் செய்தேன்: ‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்.’ சரியாக வளர்த்தால் பிள்ளை வழிதவறவே மாட்டான், இது தேவனுடைய உத்தரவாதம் என்று உரத்த குரலில் சொன்னேன். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு அம்மா வந்து நின்றார். மூத்த மகன் விசுவாசத்தையும் விட்டு, வீட்டையும் விட்டுப் போனவன். ‘அப்போ தப்பு என் மேலதானே ஐயா?’ என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு நீதிமொழிகளை மறுபடி வாசித்தேன். 26:4, ‘மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே’ என்கிறது. அடுத்த வசனம், ‘மறுஉத்தரவு கொடு’ என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? நீதிமொழி என்பது வாழ்க்கை பொதுவாக எப்படிப் போகிறது என்று சொல்கிற ஞானம். எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்று தெரிந்துகொள்வதும் அந்த ஞானத்தில் சேர்ந்தது. அதை நான் ஒப்பந்தப் பத்திரம் போல வாசித்துவிட்டேன். ஏசாயா 1:2ல் தேவனே, ‘நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாய்க் கலகம்பண்ணினார்கள்’ என்று புலம்புகிறார். தேவன் வளர்த்த பிள்ளைகளே கலகம் பண்ணியிருக்கும்போது அந்தத் தாயிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்! அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது அந்தக் கிரேக்கச் சகோதரர். மூலமொழியைப் படிப்பது நல்லது. பழைய ஏற்பாடு எபிரெயத்திலும் சில பகுதிகள் அரமேயத்திலும், புதிய ஏற்பாடு கிரேக்கத்திலும் எழுதப்பட்டவை. அந்த மொழிகளில் வாழ்நாளைச் செலவழித்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அகராதியில் ஒரு வார்த்தையின் வேரைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து ஒரு புது உபதேசத்தை எடுப்பது வேறு. ரோமர் 1:16ல் ‘தேவபெலன்’ என்ற இடத்தில் வரும் ‘துனாமிஸ்’ என்ற சொல்லிலிருந்துதான் ‘டைனமைட்’ வந்தது, ஆகவே சுவிசேஷம் வெடிமருந்து போன்றது என்று பலர் பிரசங்கிக்கக் கேட்டிருப்பீர்கள். ஆல்ஃபிரட் நோபல் தன் வெடிமருந்துக்கு அந்தப் பெயரை வைத்தது 1867ல். பவுல் எழுதி ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பவுல் மனதில் வெடிமருந்து எப்படி இருந்திருக்கும்? ஒரு வார்த்தைக்கு அர்த்தம் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை அவர் ‘கிரேக்கத்தில் வேறு’ என்றால், அந்த அர்த்தம் இந்த வாக்கியத்துக்குள் பொருந்துகிறதா என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்.

உங்களுக்குக் கிரேக்கம் தெரியாது என்று வருந்த வேண்டாம். தமிழ் நமக்குச் சில விஷயங்களைக் காட்டிக்கொடுக்கிறது. லூக்கா 22:31, 32ஐப் பாருங்கள். ‘சீமோனே, சீமோனே’ என்று கூப்பிட்டுவிட்டு, சாத்தான் ‘உங்களை’ப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டான், நானோ ‘உனக்காக’ வேண்டிக்கொண்டேன் என்கிறார் இயேசு. சோதனை எல்லாருக்கும் வருகிறது, பேதுருவுக்காகத் தனியே ஒரு ஜெபம் ஏறெடுக்கப்பட்டிருக்கிறது. நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இல்லாத மொழிகளில் வாசிக்கிறவர்களுக்கு இது சுலபமாகத் தெரியாது. எரேமியா 29:11ஐயும் இப்படி வாசியுங்கள். நினைவுகள் ‘உன்பேரில்’ இல்லை, ‘உங்கள்பேரில்’. பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போன ஒரு ஜனக்கூட்டத்துக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. அதாவது, கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன் இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தேவன் பேரால் சொன்னான். ஜனங்களுக்கு அது இனிப்பாக இருந்திருக்கும். அது பொய்.

அதே சமயம் தமிழில் கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. இன்று பல சபைகளில் வாசிக்கப்படும் ‘பழைய திருப்புதல்’ என்ற மொழிபெயர்ப்பின் நடை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ‘என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்’ என்று யோவான் 14:15ல் வாசிக்கும் ஒரு இளைஞனுக்குக் கற்பனை என்றால் மனதில் புனைவது. வேதத்தில் அது கட்டளை. ‘சமாதானம்’ என்பதும் பல இடங்களில் சண்டை இல்லாத நிலையை மட்டும் குறிக்கவில்லை, எல்லா விதத்திலும் நலமாய் இருப்பதைக் குறிக்கிறது. அதனால் 1995ல் வந்த திருவிவிலியம் போன்ற இன்னொரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, யாரிடமாவது கேளுங்கள்.

பழைய ஏற்பாட்டுச் சட்டங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் அந்தக் கேள்வி வரும். லேவியராகமம் 19:18, பிறனில் அன்புகூரச் சொல்கிறது. 19:19, இரண்டு வகை நூல் கலந்த உடையை உடுத்தாதே என்கிறது. ஒன்றைக் கடைப்பிடித்து மற்றதை விடுவது நம் இஷ்டத்தினால் அல்ல. இயேசுவும் அப்போஸ்தலர்களும் அந்தச் சட்டங்களை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்துத்தான் நாம் நடக்கிறோம். முதலாவதை இயேசு பிரதான கற்பனைகளில் ஒன்றாக வைத்தார். இஸ்ரவேலைப் பிற ஜனங்களிலிருந்து பிரித்துக் காட்டின அடையாளங்களைப் புறஜாதி விசுவாசிகள்மேல் சுமத்தக் கூடாது என்று அப்போஸ்தலர் 15ல் முடிவானது.

அந்த 15ஆம் அதிகாரம் உங்கள் பெரிய கேள்விக்கும் பதில் சொல்கிறது. ‘ஆவியானவர் எனக்குச் சொன்னார்’ என்கிறவர்களை என்ன செய்வது? ஆவியானவர் இன்றும் வேதத்தைத் திறந்து காட்டுகிறார், அவர் இல்லாமல் வாசித்தால் எழுத்து மட்டும்தான் மிஞ்சும். அதில் எனக்கு அவர்களோடு கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் எருசலேமில் அவர் எப்படி வழிநடத்தினார் என்று பாருங்கள். மிகுந்த தர்க்கம் நடந்தது. பேதுரு பேசினார், பவுலும் பர்னபாவும் நடந்ததை விவரித்தார்கள், யாக்கோபு எழுந்து ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து எடுத்துக்காட்டினார். எல்லாம் முடிந்த பிறகுதான் ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்று எழுதினார்கள். கேள்வி கேட்பதையும் வேதத்தைப் புரட்டிப் பார்ப்பதையும் ஆவிக்கு விரோதமாக அவர்கள் நினைக்கவே இல்லை. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17:11. பவுலை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் உங்கள் கூட்டத்துச் சகோதரரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘மூளையால் வாசிக்கிறாய்’ என்பது உங்கள்மேல் ஒரு குற்றச்சாட்டே அல்ல. முழு மனதோடும் தேவனிடத்தில் அன்புகூரும்படி இயேசு சொன்னபோது மூளையைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை.

வசனத்தை மேற்கோள் காட்டுவதாலேயே ஒருவர் சொல்வது சரியாகிவிடாது. மத்தேயு 4ல் சாத்தான் சங்கீதம் 91ஐ எடுத்து இயேசுவிடம் காட்டுகிறான்: தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதியும், தூதர்கள் தாங்குவார்கள். வார்த்தைகள் எல்லாம் அந்தச் சங்கீதத்தில் இருப்பவைதான். ‘உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி’ என்ற பகுதி மட்டும் விட்டுப்போயிற்று. இயேசு சங்கீதம் பொய் என்று சொல்லவில்லை. ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக’ என்ற உபாகம வசனத்தை அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு வசனத்தை வேதம் முழுவதோடும் சேர்த்து வாசிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேவன் காப்பாற்றுகிறாரா என்று பார்ப்பதும் உப்பரிகையில் நிற்பது போலத்தான். அப்பாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் சில இடங்கள் கடினமாகவே இருக்கும். பவுலின் நிருபங்களில் அறிகிறதற்கு அரிதானவை உண்டு என்று பேதுருவே எழுதினார். குழந்தை ஞானஸ்நானம், வெளிப்படுத்தல் 20ன் ஆயிரம் வருடம் போன்றவற்றில் கர்த்தரை நேசிக்கிறவர்களே நூற்றாண்டுகளாக வேறுவேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அங்கே உங்கள் கருத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் கழுத்தைப் பிடிக்க வேண்டாம். தெளிவாகச் சொல்லப்பட்டதைக் கொண்டு தெளிவில்லாததை வாசியுங்கள். மறைபொருள் தேடி அலைய வேண்டாம். ஆதிச் சபையின் போதகரான அகுஸ்தீன் போன்ற பெரிய மனிதரே நல்ல சமாரியன் உவமையில் காயப்பட்டவனை ஆதாமாகவும் சத்திரக்காரனைப் பவுலாகவும் வாசித்தார். அழகாக இருக்கிறது. ஆனால் இயேசுவிடம் அந்த நியாயசாஸ்திரி கேட்டது ‘எனக்குப் பிறன் யார்’ என்றுதான். இயேசு கடைசியில் சொன்னது ‘நீயும் போய் அந்தப்படியே செய்’ என்று. அகுஸ்தீன் சொன்ன வேறொன்றை நான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்பை வளர்க்காத ஒரு விளக்கத்தைச் சொல்கிறவன் வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. உங்கள் அப்பாவுக்குச் சொல்லப்பட்ட விளக்கத்தை அதில் வைத்துப் பாருங்கள். அவருக்குள் அன்பு வளர்ந்ததா, குற்றவுணர்வும் பயமும் வளர்ந்தனவா?

எம்மாவுக்குப் போகிற வழியில் இயேசு மோசே முதல் எல்லாத் தீர்க்கதரிசிகளும் வரை எடுத்து, தம்மைக் குறித்து எழுதியிருப்பதை விவரித்தார். நீங்களும் எந்தப் பகுதியை வாசித்தாலும், இது சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவரிடம் எப்படிக் கொண்டுபோகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வசனத்திலும் அவரைக் கட்டாயமாகத் திணிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிலுவையையே மறந்துவிட்டு, நமக்குச் சுகமும் செழிப்பும் மட்டும் தருகிற ஒரு தேவனை வசனங்களிலிருந்து யாராவது செய்து கொடுத்தால், அங்கே ஏதோ தவறிப்போயிருக்கிறது.

கடைசியாக அந்த மூத்த சகோதரர். அவரைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் மடக்க வேண்டாம். உங்கள் அப்பா பிழைக்க வேண்டும் என்றுதான் அவரும் ஆசைப்பட்டிருப்பார். அப்போஸ்தலர் 18ல் அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், நன்றாகப் பேசுகிறவர், ஆனால் ஒரு இடத்தில் குறைவு இருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். பிரிஸ்கில்லாளும் எந்தக் கல்லூரியிலும் படித்ததாக எழுதியிருக்கவில்லை. அந்த மூத்த சகோதரரை ஒருநாள் வீட்டுக்கு அழையுங்கள். உங்கள் போதகரும் கூட இருக்கட்டும். வாதாட வேண்டாம், ஏசாயா 38ஐ முழுவதும் சத்தமாக வாசிக்கும்படி அவரையே கேளுங்கள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அப்பாவுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.